அரபுத்தமிழ்த் தஃப்ஸீர் பற்றிய ஆய்வேட்டு இயலைக் குர்ஆனியல் ஆய்விதழுக்கு அனுப்பும் முன்

ஓக்லா மாணவி

அஸ்ஸலாமு அலைக்கும், குழுவிலுள்ள மற்ற நண்பர்களுக்கு என் வணக்கம்.

டெல்லியில் இஸ்லாமியவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். சொந்த ஊர் கீழக்கரைப் பக்கம். எங்கள் உறவினர் வீடொன்றில் பாதுகாக்கப்பட்டுவரும் கல்லச்சு நூல் ஒன்றைப் பற்றியது என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல். ஹிஜ்ரி 1300 என்று முகப்பில் ஆண்டு பொறித்துள்ள அந்நூல், ஜுஸ்உ அம்ம எனப்படும் குர்ஆனின் முப்பதாம் பாகத்துக்கு, அதாவது 78 முதல் 114 வரையிலான 37 ஸூராக்களுக்கு (அத்தியாயங்களுக்கு), அரபுத்தமிழில் (அரபு எழுத்தில் எழுதும் தமிழில்) எழுதப்பட்ட தஃப்ஸீர், குர்ஆன் விளக்கவுரை. இயலை ஆங்கிலக் கட்டுரையாக்கிக் குர்ஆனியலுக்கென்றே நடத்தப்படும் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்ப விரும்புகிறேன்.

இயல் இப்போது தமிழக முஸ்லிம்களின் வரலாறு, அரபுத்தமிழ் எழுத்துமுறை, அச்சுப் பின்னணி, ஆசிரியர் வரலாறு, உரையின் சிறப்புகள் என்ற வரிசையில் அமைந்திருக்கிறது. இதைச் சுருக்கினால் போதுமா, வேறு வகையில் எழுத வேண்டுமா? எந்த ஆய்விதழ் பொருந்தும்? அரபும் தமிழும் ஒரே கட்டுரையில் வரும்போது ரோமன் எழுத்துப்பெயர்ப்பை எப்படிக் கையாள்வது? நபி (ஸல்) அவர்களின் பெயரையடுத்து ஸலவாத்து எனும் வாழ்த்துரையை எழுதுவதில் ஆய்விதழ்களின் வழக்கம் என்ன? இத்துறையில் எழுதிப் பழகியவர்கள் விரிவாகச் சொன்னால் என்னோடு படிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்.

தரியாகஞ்ச் மெய்ப்பாளர்

வணக்கம் சகோதரி. நான் பல ஆண்டுகளாகக் கல்விப் பதிப்பகங்களுக்கு மெய்ப்பும் பிரதித் திருத்தமும் செய்துவருகிறேன். அந்த அளவில் என் கருத்தைச் சொல்கிறேன்.

சுருக்கினால் போதாது. ஆய்வேட்டு இயல் என்பது நீங்கள் படிக்க வேண்டியதையெல்லாம் படித்திருக்கிறீர்கள் என்று தேர்வாளர்களுக்குக் காட்டுவதற்காக எழுதப்படுவது. ஆய்விதழ்க் கட்டுரையோ, அத்துறையை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கு அவர்கள் அறியாத ஒன்றைச் சொல்லி, அதை நிறுவிக் காட்டுவதற்காக எழுதப்படுவது. நீங்கள் கொடுத்திருக்கும் வரிசையில் முதல் நான்கு பகுதிகள் பின்னணி. ஐந்தாவது பகுதியின் 'உரையின் சிறப்புகள்' என்ற தலைப்பில் கேள்வியே இல்லை. கேள்வி இல்லாத கட்டுரையை எவ்வளவு சுருக்கினாலும் அது குறுகிய விவரணையாகத்தான் இருக்குமே தவிர வாதமாகாது. பதிப்பாசிரியர் அதை மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பாமலே திருப்பிவிடக்கூடும். அப்படித் திரும்பும் கட்டுரைகளில் பெரும்பாலானவை தவறான செய்தி கொண்டவை அல்ல, எதை நிறுவ வந்தன என்று முதல் இரண்டு பக்கங்களில் தெரியாதவை.

ஆகவே ஆய்விதழைத் தேடும் முன் ஒரே வாக்கியத்தில் உங்கள் கேள்வியை இங்கே எழுதுங்கள். இதழும், நீளமும், எதை வெட்டுவது என்பதும் அதிலிருந்துதான் கிடைக்கும்.

ஓக்லா மாணவி

நன்றி அண்ணா. என் வழிகாட்டி இதழை முதலில் தேர்ந்தெடுக்கச் சொன்னார். நீங்கள் சொல்லும் வரிசை வேறாக இருக்கிறது. யோசித்து எழுதுகிறேன். இப்போதைக்கு எனக்குத் தோன்றும் கேள்வி இது: 'இந்த அரபுத்தமிழ் உரை தஃப்ஸீர் ஜலாலைன் என்ற அரபு உரையை எந்த அளவுக்குச் சார்ந்திருக்கிறது?' பல இடங்களில் இரண்டும் ஒத்துப்போகின்றன. எடுத்துக்காட்டாக, ஸூரத்துல் ஃபீலுக்கான (யானை அத்தியாயத்துக்கான) உரையில் யானையின் பெயர் மஹ்மூது என்று ஜலாலைனில் இருப்பது போலவே எங்கள் நூலிலும் இருக்கிறது.

வேலூர் உஸ்தாத்

வ அலைக்கும் ஸலாம் மகளே. நான் வேலூரில் ஓதியவன். இப்போது டெல்லியில் அரபு கற்பிக்கிறேன். உங்கள் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் நீங்கள் காட்டியிருக்கும் சான்று அதைத் தாங்காது.

யானையின் பெயர் மஹ்மூது என்பது நபி வரலாறு எழுதிய இப்னு இஸ்ஹாக்கின் மரபிலேயே வருகிற செய்தி. பல தஃப்ஸீர்களில் அது காணப்படும். பொதுச் சொத்தாகிவிட்ட செய்தி இரண்டு நூல்களிலும் இருப்பதால் ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதப்பட்டது என்று ஆகாது. சார்பை நிறுவ வேண்டுமானால் வேறு எங்கும் இல்லாத சொல்லாட்சி, விளக்கங்களை அடுக்கும் வரிசை, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடும் தேர்வு, இரண்டுக்கும் பொதுவான பிழை ஆகியவற்றைத்தான் காட்ட வேண்டும். இதை மதிப்பீட்டாளர் முதற்பார்வையிலேயே கேட்பார்.

இன்னொன்று மிக முக்கியம். ஜலாலைன் இரண்டு ஜலாலுத்தீன்களின் நூல். ஹிஜ்ரி 864-இல், அதாவது கி.பி. 1459-இல் மறைந்த ஜலாலுத்தீன் மஹல்லி, ஸூரத்துல் கஹ்ஃபிலிருந்து குர்ஆனின் இறுதிவரைக்கும், அத்துடன் ஃபாத்திஹாவுக்கும் எழுதினார். அவருக்குப் பின் ஸூரத்துல் பகராவிலிருந்து ஸூரத்துல் இஸ்ரா வரைக்கும் எழுதி நிறைவு செய்தவர் 1505-இல் மறைந்த ஜலாலுத்தீன் ஸுயூத்தி. உங்கள் நூல் ஜுஸ்உ அம்மவுக்கானது. ஆகவே நீங்கள் ஒப்பிடும் பகுதி முழுவதும் மஹல்லியின் எழுத்து. 'ஸுயூத்தி இங்கே கூறுகிறார்' என்று ஓரிடத்தில் வந்துவிட்டாலும் கட்டுரையின் மற்ற பகுதிகளையும் ஐயத்தோடுதான் படிப்பார்கள்.

மூன்றாவதாக, உங்கள் கேள்வியே இன்னும் ஆழமாக வேண்டும் என்று நினைக்கிறேன். நம் மதரஸாக்களில் ஜலாலைனைத் தனியாக யாரும் ஓதிக்கொடுப்பதில்லை. ஓரத்தில் ஹாஷியா எனும் விரிவுக் குறிப்புரை இருக்கும், உஸ்தாத் அதைப் பார்த்துத்தான் சொல்லிக்கொடுப்பார். 1790-இல் மறைந்த ஸுலைமான் அல்-ஜமலின் ஹாஷியாவும், 1825-இல் மறைந்த அஹ்மத் ஸாவியின் ஹாஷியாவும் பரவலாகப் புழங்கியவை. உங்கள் முஸன்னிஃப் (நூலாசிரியர்) ஜலாலைனைவிடக் கூடுதலாகச் சொல்லும் இடங்களை எல்லாம் தனியே எடுத்து, அவை ஜமலிலோ ஸாவியிலோ இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அவர் மொழிபெயர்த்தது ஒரு நூலை அல்ல; ஒரு பாடம் நடத்தும் முறையை. இல்லையென்றால், அது அவருடைய சொந்தச் சேர்க்கையாகவோ வேறொரு மூலத்திலிருந்து வந்ததாகவோ இருக்கும். இரண்டில் எது கிடைத்தாலும் அது செய்தி.

முனிர்கா வாசகன்

உஸ்தாத் சொன்னதைப் படித்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. நான் அச்சு வரலாறு படிப்பவன், அரபு தெரியாது. ஆனால் தஃப்ஸீர் ஆய்வுகளைத் தொடர்ந்து படிக்கிறேன். வலீத் ஸாலிஹ் 2004-இல் வெளியிட்ட, ஸஅலபி என்ற பழைய உரைகாரரைப் பற்றிய நூலில் தஃப்ஸீரைக் கிளைவழி மரபாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார்: ஒவ்வொரு உரைகாரரும் தமக்கு முந்தையவர்களின் கருத்துகளைச் சுமந்துகொண்டே தம்முடையதைச் சேர்க்கிறார். பின்னர் ஹாஷியாக்களையும் அறிவு வரலாற்றின் ஆவணங்களாகப் படிக்க வேண்டும் என்று எழுதினார். அரபு மரபில் இந்த விவாதம் நன்றாக நடந்திருக்கிறது. ஹாஷியா வழியாக ஒரு வட்டார மொழி உரை எப்படி உருவாகிறது என்பதற்குத் தமிழிலிருந்து ஒரு தெளிவான சான்று கிடைத்தால், அது கீழக்கரையைக் கேள்விப்படாத வாசகருக்கும் பொருட்படுத்தத்தக்க செய்தியாகும். 'இப்படியும் ஒரு தஃப்ஸீர் எங்களிடம் இருக்கிறது, பாருங்கள்' என்று அறிமுகப்படுத்தும் தொனியை விட்டுவிடுங்கள். தஃப்ஸீர் வரலாற்றின் திறந்த கேள்விக்கு உங்கள் நூல் சாட்சி சொல்கிறது என்ற இடத்திலிருந்து தொடங்குங்கள்.

என் துறை சார்ந்து சில. ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பரில் தொடங்கி 1883 நவம்பர் முதல் நாள் வாக்கில் முடிகிறது. மாதம் தெரியாதவரை 1882/83 என்றே எழுத வேண்டும். 1867-ஆம் ஆண்டின் 25-ஆவது சட்டப்படி அச்சான ஒவ்வொரு நூலையும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அதன் விளைவாக மாகாணந்தோறும் காலாண்டுப் பட்டியல்கள் வெளிவந்தன. தலைப்பு, ஆசிரியர், அச்சகம், பக்க அளவு, எத்தனை படிகள் அச்சிடப்பட்டன, விலை என்ன என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். சென்னை மாகாணப் பட்டியல்களைத் தமிழ், அரபு என்று எல்லா மொழித் தலைப்புகளின் கீழும் தேடிப் பாருங்கள். இரு மொழிக்கும் நடுவே நிற்கும் நூலைப் பதிவாளர் எங்கே வைத்தார் என்பதை ஊகித்துவிட முடியாது. உங்கள் நூலின் பதிவு கிடைத்தால் அச்சுப் பின்னணி பற்றிய பக்கங்கள் அனைத்தையும் ஒரே பத்தியாக்கிவிடலாம்.

ஆர்.கே.புரம் பேராசிரியை

தாமதமாக வருகிறேன். சில ஆய்விதழ்களுக்கு மதிப்பீட்டாளராக இருந்திருக்கிறேன். அந்த நிலையிலிருந்து இதழ்த் தேர்வு பற்றிச் சொல்கிறேன்.

குர்ஆனியலுக்கென்றே உள்ள இதழ்களில், எடின்பரோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 1999 முதல் வெளியிடும் 'ஜர்னல் ஆஃப் குர்ஆனிக் ஸ்டடீஸ்' லண்டன் சோவாஸின் இஸ்லாமிய ஆய்வு மையத்திலிருந்து தோன்றியது. ஆங்கிலத்திலும் அரபிலும் கட்டுரைகள் ஏற்கிறது. சர்வதேசக் குர்ஆனியல் ஆய்வுக் கழகம் 2012-இல் நிறுவப்பட்டு, 2016 முதல் தன் ஆய்விதழை நடத்துகிறது. அதில் குர்ஆனின் மூலப்பாடம், பிற்காலப் பழங்கால மேற்காசியப் பின்னணி போன்றவற்றுக்கு நிறைய இடம் உண்டு. மலாயா பல்கலைக்கழகத்தோடு இணைந்து பிரில் பதிப்பகம் வெளியிடும் 'அல்-பயான்' குர்ஆன், ஹதீஸ் இரண்டையும் தழுவியது. கட்டுரை உரையின் உள்ளடக்கத்தை விடக் கல்லச்சுப் படியையே மையமாகக் கொள்ளுமானால், இஸ்லாமியச் சுவடிகளுக்கென்று பிரில் நடத்தும் தனி இதழ் பொருந்தும். டெல்லியிலேயே, ஜாமிஆ மில்லியாவின் ஜாகிர் ஹுசைன் இஸ்லாமிய ஆய்வு நிறுவனம் 'இஸ்லாம் அண்ட் தி மாடர்ன் ஏஜ்' என்ற இதழை நடத்திவருகிறது.

இவற்றில் எதற்கு அனுப்புவதானாலும் அந்த இதழின் கடந்த சில ஆண்டுகளின் பொருளடக்கத்தை முழுவதும் படியுங்கள். உங்கள் அடிக்குறிப்புகளில் இயல்பாகவே இடம்பெறும் கட்டுரைகள் எந்த இதழில் அதிகம் வந்திருக்கின்றனவோ அங்கேதான் உங்கள் வாசகர்கள் இருக்கிறார்கள். ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் யோஹன்னா பிங்க் தலைமையிலான 'குளோபல் குர்ஆன்' திட்டத்தில் உலக மொழிகளின் குர்ஆன் மொழிபெயர்ப்புகள் பற்றி ஆய்ந்தவர்கள் எங்கெங்கே எழுதுகிறார்கள் என்றும் பாருங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. இதை எல்லோரும் அறிவார்கள். ஆனாலும் பட்டம் முடிக்கும் அவசரத்தில் செய்துவிடுகிறார்கள். இந்தத் துறை சிறியது. இரு இதழ்களும் ஒரே மதிப்பீட்டாளரை அணுகுவது அரிதன்று.

ஓக்லா மாணவி

அவசரம் என்றதும் கேட்க நினைத்தது நினைவுக்கு வந்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வந்தாக வேண்டும் என்கிறார்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஏற்ற இதழ்களின் கேர் பட்டியலில் உள்ள இதழாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். ஒரு வாரத்தில் வெளியிடுவதாகவும் கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும் என்றும் எனக்கு மின்னஞ்சல்கள் வருகின்றன, அக்கா.

ஆர்.கே.புரம் பேராசிரியை

அந்த மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுத வேண்டாம். ஒரு வாரத்தில் அரபு, தமிழ், தஃப்ஸீர் மூன்றும் அறிந்த ஒருவர் உங்கள் கட்டுரையைப் படித்து மதிப்பிட்டிருக்க முடியாது. படிக்காமலே வெளியிடுவதற்குத்தான் அந்தக் கட்டணம். நல்ல இதழ்களிலும் திறந்த அணுக்கத்துக்கு, அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட, கட்டணம் உண்டு. ஆனால் அது ஏற்பு முடிவான பிறகு, பெரும்பாலும் ஆசிரியரின் விருப்பத்துக்கு விடப்படுவது. புகழ்பெற்ற இதழ்களின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எனும் அடையாள எண்ணையும் திருடிப் போலி இணையதளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பதிப்பகத்தின் தளத்திலிருந்தே இதழின் பக்கத்துக்குப் போங்கள், மின்னஞ்சலில் வந்த இணைப்பிலிருந்து போகாதீர்கள்.

விதிகளைப் பொறுத்தவரை, ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசியின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள் வைத்திருக்கவில்லை. பல்கலைக்கழகங்கள் தம் அளவில் அதை வைத்துக்கொள்ளலாம். கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் யுஜிசி கைவிட்டுவிட்டது. இதழின் தரத்தை அளக்கும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்களுடையது. ஆகவே உங்கள் துறையில் நடைமுறையில் உள்ள விதியை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விடுதி அறைகளில் சொல்லப்படுவதை நம்பி நான்கு ஆண்டு உழைப்பை மோசமான இதழில் போடாதீர்கள்.

கருத்துத் திருட்டைக் கண்டறியும் ஒப்புமைச் சோதனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2018-ஆம் ஆண்டு யுஜிசி ஒழுங்குமுறையில் 10 சதவீதம் வரையிலான ஒப்புமை சிறியதாகக் கருதப்படுகிறது. 10 முதல் 40, 40 முதல் 60, 60-க்கு மேல் என்று அடுத்தடுத்த நிலைகள். குர்ஆனியல் கட்டுரைகளுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. பரவலாகப் புழங்கும் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து ஆயத்துகளை (குர்ஆன் வசனங்களை) எடுத்தாண்டால் மென்பொருள் அவை அனைத்தையும் ஒப்புமையாகக் காட்டும். உரிய மேற்கோளோடு வரும் பகுதிகளைக் கணக்கிலிருந்து விலக்க அந்த ஒழுங்குமுறையே இடம் கொடுக்கிறது. ஆகவே மேற்கோள் குறியும் அடிக்குறிப்பும் ஒழுங்காக இருந்தால் அஞ்ச வேண்டாம். எண்ணைக் குறைப்பதற்காக ஆயத்தின் மொழிபெயர்ப்பை மட்டும் ஒருபோதும் மாற்றி எழுதாதீர்கள்.

தரியாகஞ்ச் மெய்ப்பாளர்

எழுத்துப்பெயர்ப்புக்கு வருகிறேன். கைப்பிரதிகளில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

அரபுக்குப் பல முறைகள் புழக்கத்தில் உள்ளன: மேற்காசிய ஆய்வுகளுக்கான ஐஜேஎம்இஎஸ் முறை, அமெரிக்க நாடாளுமன்ற நூலக முறை, ஜெர்மானியர்களின் டிஐஎன் முறை, இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தின் வெவ்வேறு பதிப்புகளுக்கான முறைகள். இதழ் எதைக் கேட்கிறதோ அதையே முதலிலிருந்து கடைசிவரை பின்பற்றுங்கள். தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறை பழகியது. இரண்டையும் ஒரே கட்டுரையில் போடும்போது என்ன ஆகிறதென்றால், கீழே புள்ளியிட்ட ரோமன் 'டி' அரபில் தடித்து ஒலிக்கும் 'தா' எழுத்தையும் தமிழில் நம் 'ட'வையும் குறிக்கிறது. கீழ்ப்புள்ளியிட்ட 'எஸ்' அரபில் ஸாத் எழுத்தையும், தமிழ் லெக்சிகன் முறையில் கிரந்த 'ஷ'வையும் குறிக்கிறது. அரபுத்தமிழ் வாக்கியம் ஒன்றில் இரு மொழிச் சொற்களும் கலந்தே வருமாதலால், வாசகருக்கு எந்த எழுத்து எந்த மொழியுடையது என்று தெரியாமல் போகும்.

நான் பரிந்துரைப்பது இதுதான். அரபுத்தமிழ் மேற்கோள்களை மூல எழுத்திலேயே ஒரு முறை முழுமையாகக் கொடுங்கள். அடுத்து எழுத்துப்பெயர்ப்பில், அரபுச் சொற்களைச் சாய்வெழுத்திலும் தமிழ்ச் சொற்களை நேரெழுத்திலும் கொடுங்கள். இந்த முடிவைக் கட்டுரையின் முதல் அடிக்குறிப்பில் நான்கைந்து வரிகளில் விளக்கிவிடுங்கள். அரபு எழுத்துகளோடு கூடுதல் புள்ளிகள் சேர்த்து உருவாக்கப்பட்ட எழுத்துகள் எல்லா எழுத்துருவிலும் சரியாக வருவதில்லை. ஆகவே வேர்டு கோப்போடு பிடிஎஃப் படியையும் சேர்த்து அனுப்புங்கள். ஐன், ஹம்ஸா என்ற அரபு எழுத்துகளுக்கு விசைப்பலகையின் மேற்கோள் குறியை இடாதீர்கள். யூனிகோடில் அவற்றுக்கென்றே அரைவளையக் குறிகள் இருக்கின்றன. மேற்கோள் குறியை இட்டால் தட்டச்சு மென்பொருள் தானாகவே அதைத் திசைமாற்றிவிடும். அச்சில் ஐன் எல்லாம் ஹம்ஸாவாகி நிற்கும்.

ஆயத்து எண்களிலும் இதே கவனம் வேண்டும். 1924-இல் கெய்ரோவில் வெளிவந்த பதிப்பும் இன்று நாம் ஓதும் முஸ்ஹஃபுகளில் (குர்ஆன் படிகளில்) மிகப் பெரும்பாலானவையும் கூஃபா நகர மரபின் எண்ணிக்கையைப் பின்பற்றுகின்றன. மொத்தம் 6236 ஆயத்துகள். பழைய ஐரோப்பிய ஆய்வுகளோ 1834-இல் ஃப்ளூகல் வெளியிட்ட பதிப்பின் எண்களைக் கொண்டவை. அவற்றை அப்படியே எடுத்தெழுதினால் வேறு ஆயத்தில் போய் நிற்கும். உங்கள் கல்லச்சு நூலில் எண்கள் இல்லாவிட்டால், எந்த எண்ணிக்கையைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தஃப்ஸீர் மேற்கோள்களுக்கு மக்தபா ஷாமிலா என்ற மின்னூலகத்தைத் தேடுவதற்குப் பயன்படுத்தலாம். சான்றாகக் காட்ட அச்சுப் பதிப்புதான் வேண்டும். ஷாமிலாவில் சில நூல்களின் பக்க எண்கள் அச்சோடு பொருந்துவதில்லை. பதிப்பைக் குறிப்பிடுவதும் கட்டாயம். தபரியின் உரையைத் தபரி என்று மட்டும் எழுதினால் எந்தத் தபரி? ஷாகிர் சகோதரர்களின் கெய்ரோப் பதிப்பு சிறப்பானது, ஆனால் 16 தொகுதிகளோடு 14-ஆம் ஸூராவான இப்ராஹீமில் நின்றுவிட்டது. ஜுஸ்உ அம்மவுக்கு அது உதவாது. துர்க்கி பதிப்பித்து 2001-இல் வந்த ஹஜர் பதிப்பு 26 தொகுதிகளில் முழுமையாக இருக்கிறது.

வேலூர் உஸ்தாத்

ஸலவாத்து பற்றி யாரும் எழுதவில்லை. என் மனத்தில் உள்ளதை வெளிப்படையாகச் சொல்கிறேன். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் பெயரை ஸலவாத்து இல்லாமல் எழுதுவது எனக்கு வருத்தமானது. ஆய்வு என்பதற்காக நம் அதபை (மரியாதை முறையை) விட்டுவிட வேண்டுமா என்று என் மாணவர்கள் கேட்கும்போது நானும் அதையே கேட்டுக்கொள்கிறேன்.

ஆர்.கே.புரம் பேராசிரியை

உஸ்தாத் அவர்களே, உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். ஐரோப்பிய, அமெரிக்க இதழ்கள் பலவற்றில் எந்த மதத்தின் பெரியோருக்கும் அடைமொழி சேர்ப்பதில்லை; அது எல்லோருக்கும் ஒரே சீராகப் பின்பற்றப்படுகிற நடை. முஸ்லிம் நிறுவனங்கள் நடத்தும் இதழ்களில் ஸலவாத்து இடம்பெறுவது உண்டு. நான் பார்த்த ஒரு வழி நன்றாக இருந்தது: மூலத்திலிருந்து எடுக்கும் மேற்கோளில் ஸலவாத்து இருந்தால், அரபிலும் மொழிபெயர்ப்பிலும் ஒரு சொல்லும் விடாமல் கொடுப்பது, ஆய்வாளரின் சொந்த வாக்கியங்களில் இதழின் நடையைப் பின்பற்றுவது, இதை முதல் அடிக்குறிப்பில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவது. மேற்கோளிலிருந்து ஸலவாத்தை நீக்குவது மூலத்தைத் திருத்துவதாகும்; அதை எந்த நல்ல பதிப்பாசிரியரும் கேட்க மாட்டார்.

வேலூர் உஸ்தாத்

மூலத்தில் கைவைக்காமல் இருந்தால் எனக்கு நிறைவே. நாவால் சொல்லிக்கொண்டே எழுதலாம். அதை யாரும் தடுப்பதில்லை. மகளே, ஜமல் ஹாஷியாவின் பழைய கெய்ரோப் பதிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஜாமிஆ பக்கம் வரும்போது கொண்டுவருகிறேன். ஹாஷியாவை ஒப்பிடும்போது ஸூரத்து அபஸவிலிருந்து தொடங்குங்கள். பார்வையற்ற நபித்தோழர் இப்னு உம்மு மக்தூம் அவர்களைப் பற்றிய நிகழ்ச்சியில், நபிமார்களின் பாவமின்மை குறித்து உரைகாரர்கள் மிகக் கவனமாகச் சொற்களைத் தேர்ந்தெடுப்பார்கள். எங்கே ஒருவர் சொல்லைக் கவனமாகத் தேர்கிறாரோ அங்கேதான் அவர் யாரைப் படித்தார் என்பது தெரியவரும்.

முனிர்கா வாசகன்

படங்களுக்கான அனுமதி பற்றி ஒரு குறிப்பு. நூலை வைத்திருக்கும் குடும்பத்திடம், கட்டுரையில் இரண்டு பக்கங்களின் ஒளிப்படத்தை வெளியிட எழுத்துவழி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். உறவினர்தானே என்று விட்டுவிட வேண்டாம், பதிப்பகம் கட்டாயம் கேட்கும். குடும்பத்தின் பெயரை வெளியிடலாமா, 'தனியார் தொகுப்பு' என்று குறிப்பிட வேண்டுமா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். பொது நூலகத்தில் வேறு படி கிடைக்கிறதா என்றும் தேடுங்கள். மற்றவர்கள் சென்று சரிபார்க்கக்கூடிய படி ஒன்று இருந்தால் கட்டுரைக்கு அது பெரும் பலம். தனியார் வீட்டில் மட்டும் இருக்கும் நூலை வைத்து வாதிடும்போது, நீங்கள் சார்ந்திருக்கும் பகுதிகளின் மூலத்தைப் பின்னிணைப்பாகக் கொடுத்தால்தான் வாசகருக்கு உங்களைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கும்.

ஓக்லா மாணவி

எல்லோருக்கும் நன்றி. சில வாரங்களாக உஸ்தாத் தந்த ஜமல் பதிப்போடு ஒப்பிட்டுவருகிறேன். அபஸ, முதஃப்ஃபிஃபீன் என்ற இரண்டு ஸூராக்களிலும், ஜலாலைனில் இல்லாத விளக்கங்கள் ஜமலில் உள்ள அதே வரிசையில் எங்கள் நூலில் வருகின்றன. இலக்கண விளக்கங்களை மட்டும் ஆசிரியர் ஏறத்தாழ முழுவதும் விட்டுவிடுகிறார். ஆகவே என் கேள்வியை இப்படி மாற்றியிருக்கிறேன்: 'மதரஸாவில் ஹாஷியாவோடு ஓதப்பட்ட ஒரு தஃப்ஸீர், அரபு ஓதாத வாசகர்களுக்காகத் தமிழில் எழுதப்படும்போது, எந்த வகை அறிவு கடந்து வருகிறது, எது பாடசாலையிலேயே தங்கிவிடுகிறது?' தமிழக முஸ்லிம் வரலாறு பற்றிய பகுதியை இரண்டு பத்திகளாக்கிவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். பெயர் மறைத்து மதிப்பிடும் முறையில், என் ஆய்வேட்டை எப்படிக் குறிப்பிடுவது? கட்டுரை வெளிவந்த பிறகு அதைத் தமிழில் வெளியிட முடியுமா? அந்த வீட்டுப் பெரியவர்கள் ஆங்கிலம் படிப்பதில்லை. நூலைத் தந்தவர்கள் அதைப் பற்றி எழுதியதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தரியாகஞ்ச் மெய்ப்பாளர்

இந்தக் கேள்வி நன்றாக இருக்கிறது, சகோதரி. 'உரையின் சிறப்புகள்' இருந்த இடத்தில் இப்போது வாதம் இருக்கிறது.

பெயர் மறைப்புக்கு: 'என் ஆய்வேட்டில் காட்டியது போல' என்ற வகை வாக்கியங்களை எடுத்துவிடுங்கள், நன்றியுரையைத் தனிக்கோப்பில் வையுங்கள், வேர்டு கோப்பின் பண்புகளில் உள்ள ஆசிரியர் பெயரையும் நீக்குங்கள். ஆய்வேட்டின் பகுதி என்பதைப் பதிப்பாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் சொல்லுங்கள். எழுதுவதற்கோ மொழிபெயர்ப்பதற்கோ செயற்கை நுண்ணறிவுக் கருவி எதையும் பயன்படுத்தியிருந்தால் அதையும் அங்கே தெரிவிக்க வேண்டும் என்று இப்போது பல பதிப்பகங்கள் கேட்கின்றன.

ஆர்.கே.புரம் பேராசிரியை

தமிழ்ப் பதிப்பைப் பற்றி நான் சொல்கிறேன். கட்டுரை ஏற்கப்பட்டதும் பதிப்பகம் ஓர் ஒப்பந்தத்தை அனுப்பும். பதிப்புரிமையை முழுவதும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டால் மொழிபெயர்ப்பு உரிமையும் அதோடு போய்விடும். பிறகு உங்கள் கட்டுரையை நீங்களே தமிழில் வெளியிட அனுமதி கேட்க வேண்டியிருக்கும். கையெழுத்திடும் முன் பதிப்பாசிரியருக்கு எழுதி, 'தமிழ் மொழிபெயர்ப்பை வெளியிடும் உரிமை ஆசிரியருக்கே உரியது. முதல் வெளியீடு குறிப்பிடப்படும்' என்ற வரியைச் சேர்க்கக் கேளுங்கள். ஆங்கிலத்துக்கு வெளியே சந்தை பெரிதாக இல்லாத மொழிக்கு இதைப் பெரும்பாலும் மறுப்பதில்லை. இதழில் ஏற்கப்பட்ட, ஆனால் பதிப்பகம் அச்சுக்கோக்காத பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்க எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

மதிப்பீட்டாளர்களிடமிருந்து பெரிய திருத்தங்கள் கேட்டு வந்தால் அது நல்ல செய்தி. கதவு திறந்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு கருத்தையும் எடுத்தெழுதி, அதன் கீழே என்ன செய்தீர்கள், எந்தப் பக்கத்தில் செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஏற்க முடியாத கருத்து இருந்தால் சான்றோடு மறுக்கலாம். உங்களிடம் ஜமல் பதிப்பும் கல்லச்சு நூலும் இருக்கின்றன. அரபும் தமிழும் ஒருங்கே படிக்கத் தெரியாத மதிப்பீட்டாளரும் வரக்கூடும். அவருக்கு விளங்கும்படி ஒப்பீட்டு அட்டவணை ஒன்றை இப்போதே தயார் செய்து, அபஸவுக்கான பகுதியை இங்கே போடுங்கள். உஸ்தாத் அரபைப் பார்க்கட்டும், நான் ஆங்கிலத்தைப் பார்க்கிறேன்.

ஓக்லா மாணவி

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அட்டவணையைப் பதிவேற்றுகிறேன், இன்ஷா அல்லாஹ். மூன்று நெடுவரிசைகள்: மஹல்லி, ஜமல், அரபுத்தமிழ். ஸாவியின் ஹாஷியாவுக்கு நான்காவது நெடுவரிசை வேண்டுமா, உஸ்தாத்?

வேலூர் உஸ்தாத்

வேண்டும் மகளே. ஸாவி, ஜமலிடமிருந்து எடுத்த இடங்கள் பல உண்டு. அந்த நெடுவரிசை இல்லாவிட்டால், உங்கள் முஸன்னிஃப் ஜமலை நேரடியாகப் பார்த்தாரா, ஸாவி வழியாகப் பெற்றாரா என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.